சாமை பியரின் மழை வாசனை

விமானத்தில் வருகிறவர் இரண்டு லிட்டர் வரை கொண்டு வரலாம். அரை லிட்டர் கேன் என்றால் நான்கு. பெர்லினிலிருந்து தங்கையின் கல்யாணத்துக்கு வந்த என் பெட்டியில், சொந்தக்காரர்கள் எதிர்பார்த்த சாக்லேட்டுக்குப் பதிலாக அந்த நான்கு கேன்கள்தான் இருந்தன. அம்மா துணிக்கு நடுவிலிருந்து ஒன்றை உருவி, "என்னடி கர்மம் இது?" என்றாள்.

"என்னோட பரீட்சைத் தாள்மா" என்றேன். பொய் சொல்லவில்லை.

உணவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு, பெர்லினில் ஒரு சின்ன பியர் ஆலையில் உதவியாளராக இருக்கிறேன். மொத்தம் ஐந்து பேர். உரிமையாளர் மார்த்தா, ஐம்பது வயது, பேச்சில் சிக்கனம். அங்கே 'ஹேஸி' என்று ஒரு வகை பியருக்கு இப்போது மவுசு. மங்கலான பியர். வடிகட்டித் தெளிய வைக்காமல், பழரசம்போல அப்படியே விடுவார்கள். மங்கல் வருவதற்குப் பார்லியோடு ஓட்ஸ் சேர்ப்பது வழக்கம். ஓட்ஸுக்குப் பதிலாக ஜவ்வாது மலைச் சாமையைச் சேர்த்தால் என்ன என்று கேட்டவள் நான். மார்த்தா ஒரு வாரம் யோசித்துவிட்டு, "ஒரே ஒரு முறை" என்றாள்.

போளூரில் தானிய மண்டி வைத்திருக்கும் சித்தப்பா, காகித வேலையெல்லாம் முடித்து ஒரு மூட்டை அனுப்பினார். உமி நீக்காத சாமை. பியர் வடியும்போது உமி கிடந்தால் அடைத்துக்கொள்ளாது. மூட்டையின் மேல் பச்சைப் பெயிண்டில் 'காசி, நெல்லிமரத்தூர்' என்று எழுதியிருந்தது. யாரிடம் வாங்கினாரோ அவர் பெயரை எழுதுவது சித்தப்பாவின் பழக்கம்.

பியர் வந்தது. நான்கு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ருசி பார்த்தோம். நிறத்தில் குறையில்லை, நுரையில் குறையில்லை. வாயில் சாமை கொடுத்த வழவழப்பை எல்லாரும் மெச்சினார்கள். ஆனால் விழுங்கிய பிறகு, நாக்கின் பின்பக்கத்திலிருந்து ஒரு வாசனை எழுந்து மூக்குக்கு வந்தது. ஒருவன் "கருகல்" என்று எழுதினான். இன்னொருத்தி "சைக்கிள் கடை" என்று எழுதினாள். நான் என் தாளில் என்ன எழுதினேன் தெரியுமா? 'வெயிலில் காய்ந்த மண்ணில் விழுந்த முதல் மழை.' எழுதிவிட்டு எனக்கே புல்லரித்தது.

மார்த்தா எல்லாத் தாளையும் படித்தாள். "அது அந்த மண்ணின் வாசனை என்றால் கேனில் அந்த மலையின் பெயரை அச்சடிக்கலாம். குறை என்றால் அடுத்த முறை ஓட்ஸ். நீ ஊருக்குத்தானே போகிறாய்? முகர்ந்து பார்த்துவிட்டு வந்து சொல்."

இவ்வளவுதான். என் முதல் பியர் பிழைக்குமா, அதன் மேல் ஒரு மலையின் பெயர் ஏறுமா என்பது என் மூக்கின் தலையில் விழுந்தது.

கல்யாணம் முடிந்த நாலாம் நாள் போளூரில் இறங்கினேன். சித்தப்பா மண்டியில் இட்லியும் வடகறியும் வாங்கி வைத்திருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, கடையில் ஆள் இருக்கிறார்களா என்று பார்த்து, குரலைத் தாழ்த்தினார்.

"பீரு ஆராய்ச்சிக்கா மலைக்குப் போற? உங்கப்பனுக்குத் தெரியுமா?"

"தெரியும் சித்தப்பா."

"இன்னா சொன்னான்?"

"பத்திரமாப் போய்ட்டு வான்னார்."

"காலம் கெட்டுப் போச்சு" என்றார், ரொம்ப சந்தோஷமாக. காசி நல்ல ஆள் என்றும், களத்தில் அடித்த சாமை என்று சொல்லித்தான் தந்தான் என்றும், அவன் மனைவி செல்விதான் கறார் என்றும் சொல்லி, கேன்களை ஈரச் சாக்கில் சுற்றி ஒயர் கூடையில் வைத்துக் கொடுத்தார்.

பஸ்ஸில் எனக்குக் கிடைத்த இடம் டிரைவருக்குப் பக்கத்தில், இன்ஜின் மூடிக்கு அருகே. கூடையை அதை ஒட்டி வைத்தேன். பியர் படித்தவள் செய்கிற காரியமா அது? மலைப்பாதை ஆரம்பித்ததும் ஜன்னலைத் தவிர வேறு எதுவும் என் கண்ணில் படவில்லை. பெர்லினில் பஸ் நின்றால்கூடச் சத்தம் கேட்காது. இங்கே ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பஸ்ஸுக்குள் இருக்கும் அத்தனை சில்வர் பாத்திரமும் சேர்ந்து ஒரு பக்கம் ஓடி, அடுத்த வளைவில் திரும்பி வந்தன.

பாதி மலை ஏறியதும் ஒரு நேர்ச்சாலை. அதன் பாதி அகலத்துக்கு வைக்கோல்போல எதையோ பரப்பியிருந்தார்கள். ஓரத்தில் ஒரு பெண் நின்றுகொண்டு, 'இப்படி வா, இப்படி வா' என்று கையை ஆட்டினாள். டிரைவர் வேகத்தைக் குறைக்காமல் வண்டியை அதன் மேலேயே ஏற்றினார். கீழே சரசரவென்று சத்தம்.

"என்னங்க அது?" என்றேன் கண்டக்டரிடம்.

"சாமை மேடம். அறுத்த கட்டைப் பிரிச்சிப் போட்டா, வண்டி ஏறி ஏறி மணி உதிர்ந்துடும். இது பஸ்ஸுன்னு பேரு. அறுப்புக் காலத்துல கதிரடிக்கற மெஷினு. அதுங்களுக்கு மட்டும் டிக்கெட் கெடையாது."

எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. சாமை! சாலையிலேயே! கையைச் செல்போனோடு ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் படம் எடுத்தேன். சிக்னல் ஒரே ஒரு கோடு காட்டியது. 'பார், எங்கள் மலையை!' என்று எழுதி மார்த்தாவுக்கு அனுப்பினேன். அது போன கையோடு அந்த ஒரு கோடும் போய்விட்டது. ஊருக்கு வந்து அவசரத்துக்கு வாங்கிய சிம், மலையில் மூன்று நாளும் செத்தே கிடந்தது.

இரண்டு வளைவு தாண்டியதும் 'உஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் கேட்டது.

டிரைவர் பிரேக் போட்டார். "பஞ்சரு!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. எல்லாரும் இறங்கி ஆளுக்கொரு டயரை எட்டி உதைத்துப் பார்த்தார்கள். நானும் இறங்கிக் குனிந்து பார்த்தேன். சக்கரத்தின் பள்ளங்களில் சாமைத் தாள் சிக்கியிருந்தது, ஒன்றிரண்டு மணிகூட. டயரில் காற்று குறையவில்லை. சத்தமோ பஸ்ஸுக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்தது.

உயிருள்ள ஈஸ்ட் இருக்கும் பியரை இன்ஜின் சூட்டில் வைத்தால் என்ன ஆகும் என்பது எங்கள் ஆலையில் முதல் வாரப் பாடம். ஒரு கேன் விளிம்பில் பிளந்து, மஞ்சள் நுரை சீட்டுக்கு அடியில் ஓடியது.

"இன்னா மேடம், கூடைல குக்கரா?" என்றார் கண்டக்டர்.

"பியருங்க" என்றேன் மெதுவாக.

திரும்பி ஏறியவர்கள் எல்லாரும் கூடையைப் பார்த்தார்கள். பிறகு கடைசி சீட்டிலிருந்து ஒருவர் மனம் உடைந்த குரலில், "அடடா, மொத்தமும் போச்சா?" என்று கேட்டார். பஸ்ஸே சிரித்தது. டிரைவர் மட்டும் சிரிக்கவில்லை. சீட்டுக்கு அடியை நானே துடைத்தேன்.

மூன்று கேன் மிச்சம்.

ஜமுனாமரத்தூரில் ஒரு விடுதியில் அறை எடுத்தேன். ஃப்ரிட்ஜ் கிடையாது. தேவைப்படவும் இல்லை. கார்த்திகைக் குளிரில் அங்கே சிமென்ட் தொட்டித் தண்ணீர் கையை விறைக்க வைத்தது. ஒரு மணி நேரம் கேன்களை அதில் போட்டு வைத்தேன். அடுத்த சிக்கல் டம்ளர். விடுதியில் இருந்ததெல்லாம் எவர்சில்வர். மங்கல் பியரை எவர்சில்வரில் ஊற்றினால் எதைப் பார்ப்பது? எதிரே டீக்கடையில் போய் ஒரு கண்ணாடி கிளாஸ் இரவல் கேட்டேன். அந்தி மயங்கும் நேரம். விடுதி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கேனை ஒருமுறை தலைகீழாகப் புரட்டி, அடியில் தங்கியதைக் கலக்கி ஊற்றினேன்.

எதிர்க்கடை மாஸ்டர் அங்கிருந்தே பார்த்தார். "இன்னா மேடம், கிளாஸ் எங்கிட்ட, டீ வேற கடையிலயா?"

உண்மையில் அப்படித்தான் இருந்தது. மஞ்சள் போட்ட பாலின் நிறம். கிளாசுக்குப் பின்னால் விரலை வைத்தால் விரல் தெரியவில்லை. மேலே இரண்டு விரற்கடை நுரை, அதுவும் சீக்கிரம் கரையவில்லை. மூன்று முறை சின்னச் சின்னதாக முகர்ந்தேன். முதலில் மாம்பழத் தோல். அடுத்து பம்பளிமாசு உரிக்கும்போது கையில் தெறிக்குமே, அந்த எண்ணெய். இரண்டும் பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் வேலை. ஒரு வாய் குடித்தேன். சாமைக் கஞ்சியின் வழவழப்பு. கசப்பு மெல்ல வந்து மெல்லவே போனது. விழுங்கினேன். காத்திருந்தேன்.

வந்தது. மழை.

நிஜமாகவே அப்போது தூறல் ஆரம்பித்தது. வாசலுக்கு முன்னால் பகலெல்லாம் வெயிலில் கிடந்த தார்ச்சாலையில் துளிகள் விழுந்து, ஆவியோடு ஒரு வாசனை எழுந்தது. அதே வாசனை! கிளாசை முகர்ந்தேன், காற்றை முகர்ந்தேன், மறுபடி கிளாசை முகர்ந்தேன். தாளை எடுத்து 'உறுதியாகிவிட்டது. இது இந்த மண்தான்' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன்.

கண்ணுக்கு முன்னால் சாலைதான் இருந்தது. நான் மண் என்று எழுதினேன்.

மறுநாள் காலை ஷேர் ஆட்டோவில் நெல்லிமரத்தூர். ஆறு பேர் உட்காரும் வண்டியில் பதினோரு பேரும் ஒரு ஆட்டுக்குட்டியும். குட்டி என் மடியில் வந்தது, கூடை என் தலைக்கு மேல் வந்தது. பத்துப் பன்னிரண்டு வீடுகள் உள்ள ஊர். காசியின் வீட்டை யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. சித்தப்பா முன்பே சொல்லி அனுப்பியிருந்ததால் அவரே சாலைக்கு வந்து நின்றிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், கழுத்தில் துண்டு, முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க மேடம். அதானே இது?" கண் கூடையிலேயே இருந்தது.

"அதேதான்ணா."

"எங்க சாமைல செஞ்சதுன்னு மண்டிக்காரு சொன்னாரு. ஒரு வாய் பாத்தா..."

வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "பாத்தா இன்னா ஆவும்?"

செல்வி வெளியே வந்தாள். கணவரைவிட ஒரு தலை உயரம் குறைவு, குரல் இரண்டு மடங்கு. என்னைப் பார்த்துச் சிரித்தாள். கூடையைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

"நீ வாம்மா. அது வூட்டுக்குள்ள வேணாம். கொட்டாய்ல தண்ணித் தொட்டி கீது, அதுல போடு. யோவ், நீ அந்தப் பக்கம் போவாத."

காலை முழுவதும் நான் அந்த ஊரை முகர்ந்தேன். வேறு எப்படிச் சொல்வது? கொல்லை மண்ணை அள்ளி முகர்ந்தேன், அடுப்புப் புகையை முகர்ந்தேன், சாமை கொட்டி வைத்திருக்கும் மண் குதிருக்குள் தலையை விட்டு முகர்ந்தேன். காசி களத்தைப் பெருமையாகக் காட்டினார். சாணம் போட்டு மெழுகிய வட்டம். ஓரத்தில் இந்த வருஷத்துச் சாமைக் கட்டுகள், இன்னும் அடிக்காதவை, ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன.

"போன வருசத்து மூட்டையும் இங்கதான் அடிச்சோம் மேடம். சுத்தமான களம்."

களத்தையும் குனிந்து முகர்ந்தேன். சாணம், வெயில், வைக்கோல். மழை இல்லை.

மதியம் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். பெர்லினில் மதியச் சாப்பாடு என்றால் நின்றபடி கடிக்கும் ஒரு ரொட்டி. இங்கே மூன்றாவது தடவை சோறு போடும்போது வேண்டாம் என்று இலையின் மேல் கையை விரித்தேன். செல்வி கையின் மேலேயே குழம்பை ஊற்றுவாள் போலிருந்தது. வெந்த சாமையை வாயில் நிறுத்தி, மூக்கு வழியாக மூச்சை விட்டுப் பார்த்தேன். இனிப்பாக இருந்தது, லேசாகக் கடலை வாசனை வந்தது. அந்த வாசனை மட்டும் வரவில்லை.

"அக்கா, இது உங்க கொல்லைச் சாமைதானே?"

"பின்ன? சாப்பாட்டுக்கு வேணுங்கறத நானே தட்டி எடுத்துடுவேன். விக்கறது அவுரு வேல."

மண்ணின் வாசனை என்றால் சோற்றிலும் வர வேண்டாமா?

சாயங்காலம் வரை பொறுக்க முடியவில்லை. தொட்டியில் இருந்த இரண்டு கேனையும் கூடையில் எடுத்துக்கொண்டு போய்க் களத்து மேட்டில் உட்கார்ந்தேன். டீக்கடை கிளாஸ் பையிலேயே இருந்தது; ஒரு கேனைத் திறந்து அதில் ஊற்றினேன். காசி நான்கு அடி தள்ளி, எங்கோ பார்ப்பதுபோல் உட்கார்ந்தார். செல்வி முறத்தோடு வந்தாள்.

"நீங்க மோந்து மட்டும் பாருங்கக்கா. குடிக்க வேணாம்."

"குடிக்கற வாய் எனக்குக் கெடையாது. மூக்கு கீது, குடு."

கிளாசை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். "இன்னாம்மா இது, மாட்டுக்கு வெக்கிற கழனித்தண்ணி மாதிரி கீது? இதுக்கா ஏரோப்ளேன் ஏறிப் போய்ப் படிச்ச?"

"கலங்கலா இருந்தாத்தான்கா இது நல்லது."

"அப்ப எங்க வூட்டு மாடு ராசாதான்." மூக்கருகே கொண்டுபோனாள். "மாம்பயத் தோலு. அப்பறம்... இரு." இரண்டு சொட்டை உள்ளங்கையில் ஊற்றி, மறு கையால் சூடு பறக்கத் தேய்த்து முகர்ந்தாள். எங்கள் மேசையில் யாருக்கும் இது தோன்றியதில்லை. மறுபடியும் தேய்த்தாள்.

"இது ரோட்டுச் சாமை."

"ரோடுன்னா?"

"ரோடுன்னா ரோடுதான். பஸ் ஏறுன சாமை. தாரு சூட்டுல கெடந்து, மேல மழை பேஞ்சி, ஈரத்தோட அள்ளி மூட்டை கட்டுனது." சொல்லிக்கொண்டே தலையைத் திருப்பினாள். "யோவ்."

காசி எழுந்துவிட்டார். "மாடு அவுக்கணும்."

"மாடு மேயப் போயிகீது. உக்காரு. போன வருசம் நான் அமிர்தில எங்கண்ணன் வூட்டுக்குப் போயிருந்தேன். வந்து கேட்டேன், களத்துல அடிச்சியான்னு. இன்னா சொன்ன?"

"அடிச்சேன்னேன்."

"யாரு அடிச்சா?"

காசி என்னைப் பார்த்தார். நான் கிளாசைப் பார்த்தேன்.

"...மூணு பஸ்ஸு" என்றார்.

"மழை வந்துதா?"

"டக்குன்னு வந்துடுச்சி செல்வி! நான் இன்னா பண்றது? தார்ப்பாய் வூட்ல கீது, நான் டீக்கடைல கீறேன்."

"மண்டிக்காரருகிட்ட இன்னா சொன்ன?"

"களத்துச் சாமைன்னு."

"இது போயி அங்க சீமைல சொல்லிட்டு வந்துகீது பாரு, நீ ரோட்ல போட்டன்னு!" என்று கிளாசைத் தூக்கிக் காட்டினாள். சிரிப்பை அடக்க அவளால் முடியவில்லை. எனக்கும் சிரிப்புதான் வந்தது, ஒரு நொடி. பிறகுதான் உறைத்தது. அவர் மாட்டிக்கொண்டதோடு முடியவில்லையே. இரண்டு கோடு போட்ட என் தாள் பையில் இருந்தது.

"இல்லக்கா, மண் வாசனையாவும் இருக்கலாம்ல?" என்றேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. நான் காசிக்காக வாதாடவில்லை, எனக்காக வாதாடினேன்.

"மண்ணா? வா." கொல்லையில் வெயில் பட்ட ஒரு பிடி மண்ணை அள்ளி, செம்புத் தண்ணீரைத் தெளித்து என் மூக்கடியில் நீட்டினாள். அது நல்ல வாசனை. ஆனால் வேறு வாசனை.

அப்போதும் விடாமல் ஒரு சோதனை செய்தேன். தானியத்தை வெந்நீரில் ஊறவைத்து முகர்வது. பியர் ஆலையில் புது மூட்டை வந்தால் செய்கிற முதல் வேலை. செல்வி தட்டி எடுத்த சாமையில் உமியோடு ஒரு பிடி. பக்கத்து வீட்டார் சாலையில் அடித்து, முந்தின நாள் தூறலில் நனைந்த சாமையில் ஒரு பிடி. இரண்டு டம்ளரில் வெந்நீர் ஊற்றி மூடினேன். செல்வியைக் கண்ணை மூடச் சொல்லி மாற்றி மாற்றி நீட்டினேன். ஐந்து முறையும் சரியாகச் சொன்னாள். ஆறாவது முறை ஒரே டம்ளரையே இரண்டு தடவை நீட்டிப் பார்த்தேன். "என்னியே ஏமாத்தறியா?" என்றாள்.

கடைசியாக நான் முகர்ந்தேன். களத்துச் சாமையில் வறுத்த கடலை. சாலைச் சாமையில் என் முதல் மழை, அப்படியே. இப்போது தெரிந்த பிறகு அதற்குள் சைக்கிள் கடையும் இருந்தது. மழை என்று எழுதியது தப்பில்லை. அது எதன் மேல் விழுந்தது என்பதில்தான் கோட்டை விட்டிருந்தேன். இந்த வெந்நீர்ச் சோதனையை பெர்லினிலேயே செய்திருக்கலாம். மூட்டை வந்த அன்று மார்த்தா கேட்கவும் கேட்டாள். 'எங்கள் ஊர்ச் சாமைக்கு அதெல்லாம் எதற்கு' என்று சொன்னது நான்.

உண்மையைச் சொன்னேன். கேனில் மலையின் பெயரைப் போட நினைத்தது, இனி ஓட்ஸ்தான் என்பது, எல்லாவற்றையும். செல்வி முறத்தைக் கீழே வைத்தாள்.

"டயர் நாத்தத்துக்கு எங்க மலை பேரா? நல்ல வேளை. நாளைக்கு எவனாவது குடிச்சிட்டு, ஜவ்வாது மலைன்னா இப்பிடித்தான் நாறும்னு சொல்லுவான்."

"இனிமே எல்லாரும் களத்துலயே அடிக்கலாம்லக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். "நீ ஒரு நாள் குனிஞ்சி அடிச்சிருக்கியா? ரோடு வர்றதுக்கு முன்ன நாலு நாள் அடிப்போம், பொம்பளைங்கதான். ராத்திரி முதுக நிமித்த முடியாது. பஸ்ஸு வந்து அர நாள்ல முடிச்சிட்டுப் போவுது. ரோட்ல போடறத நான் தப்புன்னு சொல்லலியே. ரோட்ல போட்டா ரோட்டுச் சாமைன்னு சொல்லி விக்கணும். அதான்."

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. களத்து ஓரத்தில் அடிக்காத கட்டுகள் அப்படியே இருந்தன.

செல்வி அவற்றைப் பார்த்தாள். "எத்தினி மூட்டை வேணும் உனக்கு?"

"நாலு இருந்தா அடுத்த பியர் போடலாம். ஆனா நாலு நாள் வேலைன்னு இப்பத்தான் சொன்னீங்க. உங்க முதுகு..."

"எம் முதுகு எதுக்கு?" என்றாள். "களத்துல அடிச்சேன்னு சொன்னவரு கீறாரே. சொன்னத இந்த வருசம் செய்யட்டும்."

காசி வாயைத் திறந்தார். பிறகு என் கூடையைப் பார்த்தார். அதில் ஒரு கேன் மிச்சம் இருந்தது.

"அடிச்சா?" என்றார்.

செல்வி கேனை எடுத்துத் தொட்டித் தண்ணீரின் அடியில் போட்டு, மேலே ஒரு கல்லை வைத்தாள். "நாலு மூட்டையும் தூத்தி, நான் மோந்து பாத்தப்பறம்."

கையில் இருந்த கிளாசை அவருக்கு நீட்ட எனக்கு ஆசைதான். செல்வி நின்றுகொண்டிருந்ததால் நீட்டவில்லை. அவள் திரும்பிய நேரம் ஒரு வாய் நீட்டினேன். விழுங்கி, கண்ணை மூடி, நாக்கைச் சப்புக்கொட்டி, "வாசனை ஒண்ணும் தெர்ல மேடம். நல்லாத்தான் கீது" என்றார், பாவமாக.

அன்றிரவு அவர்கள் வீட்டிலேயே படுத்துக்கொண்டேன். விடிந்ததும் தப், தப் என்று சத்தம். காசி சாமைக் கட்டுகளைக் கல்லில் அடித்துக்கொண்டிருந்தார். நானும் ஒரு கட்டு கேட்டு வாங்கினேன். இருபது அடியில் மூச்சு வாங்கியது, நாற்பதில் உள்ளங்கை கொப்பளித்தது. வழியில் போகிற ஆட்கள் நின்று, "காசி, பஸ் வர்ற வழி மறந்துட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஒருவர், "பொண்டாட்டிக்கு இன்னா தப்பு பண்ண?" என்று நேராகவே கேட்டார். காசி அடிப்பதை நிறுத்தாமல், "சீமைக்கு ஆர்டரு" என்றார்.

ஒரு மணி நேரத்தில் நான் உதிர்த்தது ஒரு படிகூட இருக்காது. செல்வி அதைத் தனியாகத் தூற்றி, ஒரு பாலிதீன் பையில் கட்டி என்னிடம் தந்தாள். "இது நீ அடிச்சது. இதுலயும் நாத்தம் வந்துதுன்னா மூக்க மாத்து."

மதிய பஸ் பிடித்தேன். அதே கண்டக்டர். கூடையை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு வெடிக்காதுல்ல?" என்றார். கூடையில் டீக்கடை கிளாஸ்தான் இருந்தது. அதைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஜமுனாமரத்தூரில் நின்ற ஐந்து நிமிடத்தில் ஓடிப்போய்க் கொடுத்தேன். மாஸ்டர் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, இரண்டு தடவை கழுவினார்.

இறக்கத்தில் அந்த நேர்ச்சாலை வந்தது. அதே பெண், அதே இடம், புதுக் கட்டுகள். கையை ஆட்டினாள். டிரைவர் ஏற்றினார். கீழே சரசரவென்று சத்தம் வந்தபோது, பஸ்ஸில் நான் ஒருத்தி மட்டும் இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்கிக்கொண்டேன். பக்கத்தில் இருந்த அம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

அந்த இடத்தில் போனுக்கு ஒரு கோடு உயிர் வந்தது. மார்த்தாவின் பதில் ஒன்று உள்ளே விழுந்தது. நான் அந்தப் படத்தை அனுப்பிய அன்றைக்கே, அடுத்த நிமிடத்திலேயே அனுப்பியிருந்தாள். ஒரே வரி.

'அழகு. அந்தச் சக்கரத்தின் அடியில் இருப்பது நம் மூட்டையா?'

மூன்று நாளாக அது காற்றில் எங்கோ நின்றிருக்கிறது. கொப்பளித்த கையால் எழுதினேன். 'ஆமாம். சைக்கிள் கடை என்று எழுதியவளுக்கு முழு மதிப்பெண் கொடு. ஆனால் ஓட்ஸ் வாங்காதே. காசி நாலு மூட்டை அடித்துக்கொண்டிருக்கிறார்.'

போளூர் ரயில்வே கேட்டில் பஸ் நின்றபோது பதில் வந்தது.

'யார் காசி?'

நான் எழுத ஆரம்பிப்பதற்குள் அடுத்ததும் வந்தது.

'பரவாயில்லை. மூட்டை வரட்டும். பெயரைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் வெந்நீர்.'

மடியிலிருந்த பாலிதீன் பையைப் பிரித்து முகர்ந்தேன். வறுத்த கடலை. அதற்கு மேல், கொப்பளித்த என் உள்ளங்கையில் செல்வி பூசிவிட்ட தேங்காய் எண்ணெய். வேறொன்றும் இல்லை.